நீலக் கடுதாசியில் வராத பெயர்கள்

முன்பெல்லாம் நவம்பர் பிறந்தால் எங்கள் சிறுவர் இல்லத்தில் நன்றிக் கடிதம் எழுதும் காலம். கிறிஸ்துமஸுக்குள் சீமைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், மாதத்தின் முதல் சனிக்கிழமையே சாப்பாட்டு அறையின் நீள மேசைகளைத் துடைத்துப் பிள்ளைகளை வயது வாரியாக உட்கார வைத்துவிடுவோம். ஆளுக்கொரு நீலநிற ஏரோகிராம். அதில் பிழை விட்டால் காசு போச்சு. ஆகவே முதலில் கொப்பித் தாளில் எழுதி, மேட்ரன் அம்மாவிடம் காட்டி, பிறகுதான் நீலத்தாளுக்கு மாற்ற வேண்டும். மாதிரிக் கடிதம் கரும்பலகையில் இருக்கும். அன்புள்ள உபகாரிக்குக் கர்த்தருக்குள் வாழ்த்து, நீங்கள் அனுப்பிய உதவியால் நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். கீழே பெயர் மட்டும்தான் பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

1978இல் நான் அங்கே உதவி மேட்ரனாகச் சேர்ந்தேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, அப்பா உபதேசியார் என்ற ஒரே சிபாரிசில். கேகாலை மாவட்டத்தில், மிஷன் காணியும் ஓர் இறப்பர் தோட்டமும் ஒட்டுகிற மேட்டில் இருந்தது இல்லம். பின்பக்க வேலியைத் தாண்டினால் பால் வெட்டும் மரங்கள். அதற்கும் அப்பால் லயங்கள்.

ஒரு வருடம், எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பலகையில் இருந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்திருந்தது. "ராத்திரி நான் பாயில ஒண்ணுக்குப் போனா யாருக்கும் சொல்லாம பாய மாத்திப் போடுற ஆயம்மாவுக்கும் நன்றி." மேட்ரன் அம்மா அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். "இத அனுப்பினா நம்ம பிள்ளைங்க பாயில போறத சீமை வரைக்கும் தண்டோரா போட்ட மாதிரி ஆயிரும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இல்லத்தின் மானத்தைத் தன் மானமாக நினைத்தவர். பிள்ளை மறுபேச்சில்லாமல் திரும்ப எழுதியது. அடித்த தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு எல்லோரும் படுத்த பிறகு ஆயம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. கேட்டுவிட்டு, "இன்னொருக்கா வாசிங்க மிஸ்" என்றார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது பேர யாருக்கும் சொல்லிறாதீங்க. மத்ததுங்க சிரிக்கும், பாவம்" என்றார். தனக்கு வந்த நன்றியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பாய்களைப் பார்க்கப் போனார்.

அந்த ராத்திரி வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி எந்த வருடாந்த அறிக்கையிலும் ஒரு வரி வந்ததில்லை. சபரகமுவ மழை தெரிந்தவர்களுக்கு ஈரத்தின் கஷ்டம் புரியும். இரத்தினபுரிப் பக்கமும் கேகாலையின் மலைப் பக்கமும் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாத ஊர்கள். பாயில் நனைக்கிற பிள்ளைகளைப் பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை எழுப்பி, லாந்தரைப் பிடித்துக்கொண்டு வெளிக் கக்கூசுக்குக் கூட்டிப் போவார். திரும்பும்போது பிள்ளைகளின் கால் விரல் இடுக்குகளில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கென்று முந்தானை முனையில் உப்பு முடிந்து வைத்திருப்பார். அப்படியும் நனைந்துபோன துணிகளை விடியுமுன் அலசி, சமையலறை அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் போடுவார். அடுப்பில் எரிவது பட்ட இறப்பர் மரம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலே அந்தப் புகை வாசம் வரும்.

பிள்ளைகளை அவர் தலையைப் பார்த்து எண்ணமாட்டார். கணுக்காலைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போவார். நெற்றியைத் தொட்டால் பிள்ளை முழித்து அம்மாவைத் தேடுமாம். கணுக்காலைத் தொட்டால் தூக்கம் கலையாது, காய்ச்சல் இருந்தால் சூடும் கைக்குத் தெரிந்துவிடும். இதை எந்தப் பயிற்சி வகுப்பும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆயம்மா ஏன் அங்கே இருந்தார்? புருஷன் செத்த பிறகு நோயில் விழுந்து, தோட்டத்தில் பெயர் வெட்டப்பட்டு, லயத்துக் காம்பராவை விடவேண்டி வந்தது. வேலைப் பதிவில் பெயர் இல்லாதவர்களுக்குத் தோட்டத்தில் கூரை இல்லை. மிஷன் கூரை கொடுத்தது. சமையல் அக்காவின் கதை வேறு. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்ததே, அந்தப் பிரிப்பு பல வீடுகளுக்கு நடுவாலேயே போனது. அவருடைய அண்ணன் தம்பிகள் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள், புருஷன் வீட்டார் இலங்கைக்குப் போட்டார்கள். புருஷன் விட்டுப் போனபோது பிறந்த வீடு தலைமன்னாரில் கப்பலேறி முடிந்திருந்தது. இவரும் மிஷன் வாசலுக்கு வந்தார்.

ஆக, அந்தக் காலத்து ஊழியர்களில் பலர் பிள்ளைகளைப் போலத்தான் உள்ளே வந்தவர்கள். போக இடமில்லாமல் வந்தவர்கள். இதனாலேயே அவர்களுக்கு நன்றி என்பது ஓர் உண்மையான உணர்ச்சியாகவும் இருந்தது, கழுத்தில் கட்டிய கயிறாகவும் இருந்தது. சம்பளத்தைப் பற்றி வாய் திறந்தால், ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வெளியே போகக் கேட்டால், "வந்த நாள மறந்துட்டியா?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் கிடையாது. வந்த நாளை யார் மறப்பார்கள்?

இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் காரணம் என்று ஒரு பத்தி உண்டு. சபரகமுவத் தோட்டங்களின் சரித்திரத்தைப் படிக்க அது போதும். 1973, 1974 பக்கங்களில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: வறுமை. ரேஷன் வெட்டு விழுந்து, தோட்டங்கள் கை மாறி, வேலை நாளும் குறைந்து, லயங்களில் சனம் பட்டினியால் செத்த காலம் அது. அதற்கென்று தனிச் சொல் எழுதப் பதிவேட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்து வரும் பக்கங்களில் "பெற்றோர் இந்தியா". பிறகு 1981 ஆகஸ்டு: இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டபோது வந்த பிள்ளைகள். அப்போது பதிவேட்டை எழுதியது நான். காரணப் பத்தியில் "இடம்பெயர்வு" என்று எழுதினேன். எண்பதுகளின் நடுவிலிருந்து "தாய் வெளிநாடு" தொடங்கி, அது இன்றுவரை ஓயவில்லை. எனக்குப் பின் வந்தவர்களின் கையெழுத்தில் 2016 மே மாதத்துக்குக் கீழே "மண்சரிவு" என்று இருக்கிறது. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததும், புளத்கொஹுபிட்டியவில் லயம் புதைந்ததும் அந்த மாதம்தான்.

பிள்ளைகள் வந்த காரணங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அவர்களைத் தூக்கி இறக்கிய கைகளைப் பற்றிப் பதிவேட்டில் பத்தியே இல்லை.

அந்தக் கைகளுக்கு முன்மாதிரியாக மேட்ரன் அம்மா காட்டியது திருநெல்வேலியை. அவருக்கு அங்கேதான் பூர்வீகம். எங்களுக்கும் அப்படித்தான். 1854இல் கோப்பித் தோட்டக் காலத்தில் சர்ச் மிஷனரி சங்கமும் தோட்டத் துரைமாரும் சேர்ந்து தமிழ்க் கூலி மிஷனை ஆரம்பித்தபோது, லயம் லயமாகப் போய்ப் பிரசங்கம் பண்ணத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அந்த வழியில் வந்த குடும்பங்களுக்குத் திருநெல்வேலிச் சபைக் கதைகளெல்லாம் தாய் வீட்டுக் கதைகள். அதிலும் மேட்ரன் அம்மாவுக்கு டோனாவூர் என்றால் உயிர். ஊழியர் ஜெபக் கூட்டத்தில் மாதம் ஒரு தடவையாவது ஏமி கார்மைக்கேல் வந்துவிடுவார்.

கதை பெரிய கதைதான். வட அயர்லாந்தில் பிறந்தவர், ஜப்பானில் உடம்பு முடியாமல்போய் 1894இல் சில மாதம் எங்கள் இலங்கையிலும் தங்கி, மறுவருடம் இந்தியாவுக்கு வந்து, 1951இல் சாகும்வரை ஊர் திரும்பாதவர். 1901இல் கோயில் வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டோனாவூர் ஐக்கியம். பிறர் பிள்ளைக்குப் பீத்துணி அலசுவதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலத்தில் அந்த வேலைக்கு முன்வந்த தமிழ்ப் பெண்களைப் பற்றியும் மேட்ரன் அம்மா சொல்வார். நெய்யூரில் டோனாவூரின் கைக்குழந்தைகளின் பொறுப்பை ஏற்று நடத்திய பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் இறந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். டோனாவூரில் உழைத்தவர்களைப் பிள்ளைகள் அக்கா என்றும் சித்தி என்றும் அண்ணாச்சி என்றும் கூப்பிட்டார்கள். சம்பளம் என்று ஒன்று கிடையாது. யாரிடமும் பணம் கேட்டுக் கை நீட்டுவதும் கிடையாது.

சம்பளம் கிடையாது என்ற இடத்தில்தான் கதை எங்கள் பக்கம் திரும்பும். "அங்க அவங்க அப்படி உழைச்சாங்க, நாம இங்க ரெண்டு ரூபாக்குக் கணக்குப் பாக்குறோம்."

அந்தக் கதையை நான் பிறகு நிறையப் படித்தேன். டோனாவூரில் சம்பளம் இல்லை என்பது உண்மை. ஆனால் சம்பளம் இல்லாமல் உழைத்தவர்களை வயதான பிறகு வெளியே அனுப்பும் வழக்கமும் அங்கே இல்லை. வீடும் சாப்பாடும் வைத்தியமும் கடைசியில் ஆறடி மண்ணும் அந்த வளவுக்குள்ளேயே எல்லோருக்கும் பொது. ஏமி கார்மைக்கேலுக்கே கல்லறைக் கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து அதில் "அம்மை" என்று செதுக்கினார்கள். தலைவிக்கும் ஆயாவுக்கும் ஒரே மண் என்ற ஏற்பாடு அது. எங்களைப் போன்ற பல இல்லங்கள் அந்த ஏற்பாட்டில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. சம்பளம் வேண்டாம் என்ற பாதியை எடுத்துக்கொண்டு, சாகும்வரை எங்களோடு இரு என்ற பாதியை விட்டுவிட்டன. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

ஆயம்மாவுக்கு அறுபது தாண்டி முட்டி மடங்காமல் போனபோது ஒரு பிரிவுபசாரம் வைத்தார்கள். மாலை போட்டார்கள், சுவரில் மாட்டும் வசனப் படம் கொடுத்தார்கள், அவருடைய ஊழியத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்தினார்கள். மறுநாள் அவர் துணிமூட்டையோடு தங்கச்சி வீட்டு லயத்துக்குப் போனார். அந்தத் தங்கச்சி அதே மேட்டின் மறுபக்கம் காலமெல்லாம் பால் வெட்டியவர். விடியுமுன் கத்தியும் வாளியுமாய் மரத்துக்குப் போய், மழை பெய்தால் அன்றைய கூலிப் பெயர் இல்லாமல் திரும்பிய பிழைப்பு அது. சுகமான வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவருடைய கூலியில் ஒரு பங்கு வெட்டி, தோட்டமும் தன் பங்குக்குப் போட்டு, ஊழியர் சேமலாப நிதி என்று ஒரு தொகை சேர்ந்திருந்தது. அதில் கூரைத் தகரம் மாற்றினார், மகளுக்குக் கம்மல் எடுத்தார். மரத்தில் பால் எடுத்தவருக்கு வயோதிபத்துக்கு ஒரு காசு இருந்தது. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவருக்கு வசனப் படம் இருந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் தர்ம நிறுவனங்களை அந்தச் சட்டத்தின் கட்டாயத்திலிருந்து விலக்கியிருந்தார்கள் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரியவந்தது.

அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவர் வளர்த்த பிள்ளைகள். அவிசாவளைக் கைத்தொழில் பேட்டையில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள் ஒருத்தி, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள் ஒருத்தி, எட்டியாந்தோட்டையில் ஆட்டோ ஓட்டுபவன் ஒருவன். யாரும் யாரையும் கூட்டிவைத்துப் பேசவில்லை. ஒருத்தி மாதா மாதம் பணம் கொடுக்கிறாள் என்று தெரிந்து மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கண்ணில் பூ விழுந்தபோது இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வெட்டிக்கொண்டு வந்ததும் அந்த ஆட்டோக்காரப் பிள்ளைதான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தன் பிள்ளை இல்லாத ஆயம்மாவுக்கு ஊரார் பிள்ளைகளே கஞ்சி ஊற்றினார்கள். லயத்துச் சனம் இதைப் பெருமையாகச் சொல்லும். எனக்கும் பெருமைதான். ஆனாலும் ஒரு ஊழியரின் முதுமையை வளர்ந்த பிள்ளைகளின் நல்ல மனதை நம்பி விட்டுவிட்டோம் என்பது மாறாது. அந்த மூன்று பேருக்கும் கஷ்டம் வந்திருந்தால்?

இல்லத்தின் நிர்வாகக் குழுவில் என்னைச் சேர்த்தபோது நான் முதலில் கேட்டது சேமலாப நிதியைத்தான். முணுமுணுப்பு இருந்தது. ஊழியத்தைக் கூலியாக்கக் கூடாது என்றார் ஒருவர். அப்போது குழுவில் இருந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர், எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமங்களை எடுத்துச் சொன்னார். 1949இல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் தொடங்கி, எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பிலியந்தலைக்கும் வந்த அந்த ஏற்பாட்டில், பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்குச் சம்பளம், லீவு, பயிற்சி எல்லாம் உண்டு. அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு அன்பு குறைந்தா போனது என்று கேட்டார். தீர்மானம் நிறைவேறியது.

இன்றைக்கு அங்கே பொறுப்பாக இருக்கும் பெண் அதே இல்லத்தில் வளர்ந்தவள். சிறுவர் பராமரிப்பில் டிப்ளோமா செய்திருக்கிறாள். மாதச் சம்பளம், கிழமையில் ஒரு நாள் ஓய்வு. ராத்திரி முறைக்கு இரண்டு பேர் மாறி மாறி. லாந்தர் இல்லை, கக்கூஸ் உள்ளே வந்துவிட்டது, துணி துவைக்க மெஷின் இருக்கிறது. ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அங்கே ராத்திரிக் கொப்பி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ராத்திரி முறைக்காரி எழுதிவைக்க, காலையில் வருபவள் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். போன மழைக்காலத்தில் அதைப் புரட்டினேன். "மூணு மணிக்கு சின்னவ வாந்தி. துடைச்சி சீனித்தண்ணி கொடுத்தேன். பெட்ஷீட் ஊறப் போட்டிருக்கு" என்று ஒரு கை எழுதியிருந்தது. கீழே வேறு கையில், "அலசிட்டேன். நீங்க பதினொரு மணி வரைக்கும் தூங்குங்க, சோறு நான் பாத்துக்குறேன்." இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. சட்டத்துக்காக வைத்த கொப்பி அது. அதில் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்ளும் நன்றி, நாங்கள் அனுப்பிய நீலத்தாள்கள் அத்தனையையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது. அக்காலத்தில் எங்களுக்குள் அது இல்லாமல் இல்லை. சமையல் அக்கா ராத்திரி ஆயம்மாவுக்கென்று அடிச்சட்டியில் கொஞ்சம் பருப்பு ஒதுக்கி வைப்பார், ஆயம்மா விடியற்காலையில் அவருக்கு அடுப்பு மூட்டி வைப்பார். வாயால் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் மேலே போக வேண்டிய நன்றி குறைந்துவிடுமோ என்று பயந்தோமோ என்னவோ.

நீலத்தாள்கள் நின்று வெகு காலமாகிறது. வெளிநாட்டுப் பணம் வற்றிப்போய், இப்போது இல்லத்தின் சோற்றுப் பானை பெரும்பாலும் தானத்தில் ஓடுகிறது. பிறந்தநாளுக்கும் செத்தவர் நினைவுக்கும் சிறுவர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்பது இலங்கையில் சிங்களவர் வீடுகளில் ஊறிய வழக்கம். கிறிஸ்தவ இல்லம், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பாதிக்கு மேல், சாப்பாடு கொண்டுவருவது அவிசாவளையிலிருந்தும் ருவன்வெல்லவிலிருந்தும் வரும் பௌத்தக் குடும்பங்கள். 1983 ஜூலைக் கலவரத்தின்போது நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தேவாலயத்துக்குள் படுக்க வைத்தோம். அப்போது ஒரு சிங்கள பேக்கரி முதலாளி தினமும் விடியற்காலையில் பின்வேலி வழியாகப் பாண் மூட்டை அனுப்பினார். அவருக்கு யாரும் நன்றிக் கடிதம் எழுதவில்லை, எழுதினால் அவருக்கு ஆபத்து. இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வந்து அவர் பெயரில் தானம் கொடுக்கிறார்கள். யாருக்காக என்று ஊழியர்களுக்குத் தெரியும். பரிமாறும்போது அந்த வீட்டாரின் கையைப் பிடித்து, அந்தப் பாண் கதையைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

ஒரு மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். தானக்காரர்கள் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைப்பது நின்றுவிட்டது. பிள்ளைகளைப் படம் பிடிக்கவும் விடுவதில்லை. முன்பெல்லாம் சோறு ஆறிப்போகும்வரை பிள்ளைகள் கைகூப்பி நிற்க வேண்டும். இப்போது பிள்ளைகள் சாப்பிடுவார்கள், பெரியவர்களுக்குப் பெரியவர்கள் நன்றி சொல்லிக்கொள்வார்கள். சில தானக்காரர்களுக்கு மனத்தாங்கல்தான். பிறந்தநாள்காரப் பிள்ளைக்கு ஒரு பாட்டாவது வேண்டாமா என்று கேட்பார்கள். பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே அவர்களையும் பிள்ளைகளோடு வாங்கில் உட்காரவைத்து இலையைப் போட்டுவிடுவாள்.

2022 பொருளாதார நெருக்கடியில் அந்தச் சோற்றுப் பானையும் ஆடியது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, தானத்துக்கு எழுதிவைத்தவர்கள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார்கள். ஊழியர்கள் தாங்களாகவே பாதிச் சம்பளம் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பாக்கியைப் பிறகு தவணையாகக் கொடுத்து முடித்தோம், நன்றியில் கரைத்துவிடவில்லை. அந்த மாதங்களில் பின்வேலிக்கு அப்பாலிருந்து சனம் வந்தது. பலாக்காய், ஈரப்பலாக்காய், ஒரு வாளி பலாக்கொட்டை, ஒரு கட்டு வல்லாரை. கொண்டுவந்தவர்கள் லயத்தில் ஒரு வேளை உண்டு ஒரு வேளை காய்ந்தவர்கள். "எங்க பிள்ளைங்க இங்கதான வளந்துச்சி" என்றார் ஒரு பாட்டி. சமையல் வேலை செய்யும் பெண் அந்தப் பாட்டியைச் சும்மா அனுப்ப மனமில்லாமல், சட்டியில் கிடந்த கொஞ்ச உப்பை இலையில் மடித்துக் கொடுத்தாள். அன்றைக்கு உப்பும் விலைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. என் காலத்தில் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் மாலை ஜெபத்தில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்வோம். எண்ணிக்கை கூடினால் ஊழியம் வளர்கிறது என்று அர்த்தம், அறிக்கையில் போடலாம். பிள்ளையின் தாய் ஊரில் உயிரோடு இருக்கிறாளா என்பது இரண்டாவது கேள்வி. இப்போது ஒரு பிள்ளை போனால் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். இலங்கை 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 2009இல் ஐ.நா. பொதுச்சபை மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகளை ஏற்றது. வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. எங்கள் பதிவேட்டின் 1974ஆம் ஆண்டுப் பக்கங்களை நினைத்துக்கொண்டே நான் அதைப் படித்தேன். மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தார் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் யார் இருக்கிறார், எப்போது திருப்பி அனுப்பலாம் என்று இப்போது கேட்கிறார்கள். தன்னிடம் வளர்ந்த பிள்ளையைத் தானே தேடிப்பிடித்து ஒரு பாட்டியிடமோ சித்தப்பாவிடமோ கொடுத்துவிட்டு வருவதுதான் நல்ல வேலை என்று ஊழியர்கள் கற்றிருக்கிறார்கள். கொடுத்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பவர்களும் உண்டு. பிள்ளை குறைந்தால் இல்லம் சுருங்கும், தங்கள் வேலையும் சுருங்கும் என்று தெரிந்தே இதைச் செய்கிறார்கள். எனக்கு இவர்கள்மேல் இருக்கும் மரியாதைக்கு இதுதான் முதல் காரணம்.

இந்த வருடம் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைத் தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் அம்மாயியிடம் அனுப்ப ஏற்பாடானது. காகிதமெல்லாம் சரி. ஒரு சிக்கல்: பிள்ளைக்குத் தமிழ் வராது. எங்கள் சபரகமுவத் தோட்டப் பக்கங்களில் கிட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாமல் சிங்களத்தில் படித்து, சிங்களத்திலேயே கனவு காணும் பிள்ளைகள் ஏராளம். அம்மாயிக்கோ கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் சிங்களம். யாரும் சொல்லாமல் சமையல்காரப் பெண் பிள்ளையைச் சாயங்காலங்களில் அடுப்படியில் உட்கார வைத்துக்கொண்டாள். தேங்காய் துருவிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். வயிறு வலிக்குது. பயமா இருக்கு. இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க. இந்த மூன்றும் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பது அவளுடைய பாடத்திட்டம். ராத்திரி முறைக்காரி கொப்பியில் எழுதினாள்: "இன்னைக்கி தூக்கத்துல தமிழ்ல பேசிச்சி."

பிள்ளை போய்விட்டது. மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று திட்டத்தில் இருக்கிறது. தெரணியகலை வரை பஸ் உண்டு. அதற்கு மேலே தோட்டத்து லொறி கிடைத்தால் லொறி, இல்லாவிட்டால் நடை. இரண்டு பேருக்கான போக்குவரத்துச் செலவை வரவுசெலவில் சேர்க்கும்படி குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுக்கிறோம் என்றிருக்கிறார்கள். அதற்குள் சமையல்காரப் பெண் நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள்: "மிஸ், சனிக்கிழமை மொத பஸ் எத்தன மணிக்கு?"